செய்தியாளர் மாடத்தில் ஒருத்தி

எனக்கு நிருபர்களைப் பிடிக்காது. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். விழுப்புரத்தில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலுக்குக் கேமரா தூக்குகிறேன். எங்கேயும் போகாமல், எதையும் பார்க்காமல், எல்லாவற்றையும் எழுதுகிற கூட்டம் எங்கள் கூட்டம். இதில் எனக்குப் பிடித்த ஆள் ஒருத்திதான். பெயரைப் போட மாட்டேன். போட்டால், இப்போது இருக்கிற வெளிமாவட்டத்திலிருந்து போன் செய்து, "இந்த வரி நான் சொன்னதா அண்ணே? அப்ப கூட யாரு இருந்தாங்க?" என்று ஒவ்வொன்றாக விசாரிப்பாள். அந்தப் பேஜார் எனக்கு வேண்டாம்.

அன்றைக்கு அவள் திண்டிவனத்தில் ஒரு சின்ன தினசரிக்குப் பகுதிநேர நிருபர். சொந்த ஊர் கெடார் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டப் போகிறவர்கள். பேருந்தில்தான் வருவாள், போவாள். தோளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் குறிப்பெடுக்கக் காகிதம், தண்ணீர் பாட்டில், பருவத்தில் என்றால் அவித்த மல்லாட்டை, எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். கூட்டம் தொடங்கத் தாமதமானால் நான் மேடைக்குப் பின்னால் போய் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். அவள் ஓரமாக உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருப்பாள். தோலைக் கீழே போட மாட்டாள், பைக்குள் போட்டுக்கொள்வாள்.

அவளுக்கு ஒரு குணம். கண்ணால் பார்க்காததை எழுத மாட்டாள். நான் குணம் என்கிறேன், அவளுடைய ஆசிரியர் அதை வியாதி என்பார்.

எங்கள் தொழில் நடக்கிற விதம் தெரிந்தால்தான் இது புரியும். நிருபர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. எங்கேயோ ஏதோ நடந்தால் பக்கத்தில் இருக்கிற ஒருவன் நான்கு வரி எழுதிப் போடுவான். மீதிப் பேர் அதில் ஒரு வார்த்தையைத் தூக்கி இன்னொரு வார்த்தையை வைத்துத் தங்கள் பேப்பருக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் தப்பாக எழுதினால் மாவட்டம் முழுக்கத் தப்பு. யாரும் வெட்கப்பட மாட்டார்கள்.

ஒரு கோடையில் கெடார் பக்கம் குடிசைகள் எரிந்துவிட்டதாகக் குரூப்பில் வந்தது. மதியத்துக்குள் எல்லோரும் அனுப்பியாகிவிட்டது. குடிசைகள் சாம்பல், குடும்பங்கள் தவிப்பு. அவள் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, வண்டி இருக்குதா? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்."

"அதான் குரூப்புல வந்துடுச்சேம்மா. வெயிலு மண்டையப் பொளக்குது."

"நான் பாக்கலயே அண்ணே."

திட்டிக்கொண்டே போனேன். எரிந்தது ஒரு வைக்கோல் போர். பக்கத்தில் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எந்தக் குடும்பம்மா தவிக்குது?" என்று கேட்டேன்.

"என் மாடுங்கதான் தவிக்குது. நீ ஒரு கட்டு வைக்கோலு வாங்கியாந்து தர்றியா?" என்றார்.

அவள் வைக்கோல் போர் எரிந்ததென்று எழுதினாள். ஒரு மூலையில் சின்னதாக வந்தது. மறுநாள் பத்திரிகையாளர் சந்திப்பில் குரூப்பை நடத்துகிற ஆள் எல்லோர் முன்னாலும் அவளைக் கிண்டல் செய்தான்.

"வைக்கோல் போருக்கு நியூஸ் போட்ட மொத நிருபர் நீதாம்மா. இனிமே எங்க வூட்டுக் கோழி முட்டை வுட்டாலும் சொல்லி அனுப்பறேன்."

"சொல்லுங்கண்ணே, வந்து பாக்கறேன்" என்று சிரித்தாள். அவளுக்குக் கோபமே வராது. எனக்கு வந்தது. அவன் சட்டைக் காலரைப் பிடிக்கப் போனேன். அவள்தான் என் கேமராப் பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அந்தக் குணத்துக்கு ஒரு வாலும் உண்டு. உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை ஏலம் நடக்கும். நாங்கள் உச்ச விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவோம். அவள் கடைசி ஆளின் மூட்டை விலை போகும்வரை இருப்பாள். "உச்ச விலைக்குப் போனது ஒருத்தரோட மூட்டைதாண்ணே. கடைசியா ஒருத்தர் வித்துட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு போறாரு, அது வெலை இல்லையா?" என்பாள். அவளோடு வண்டியில் போனால் அன்றைய சாப்பாடு சாயங்காலம்தான்.

கூட்டேரிப்பட்டைத் தாண்டி உள்ளே போனால் ஓர் ஓடை. அந்தாண்டை ஒரு காலனி. நடுவில் ஒரு தரைப்பாலம், சாண் உயரம். ஐப்பசியில் ஓடை பெருகினால் பாலம் தண்ணீருக்குள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்து, பெரியவர்கள் கையைப் பிடித்துக் கடப்பார்கள். பிரசவத்துக்குப் போக வேண்டியவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு கடந்ததை நானே படம் பிடித்திருக்கிறேன். வருஷா வருஷம் நான் படம் எடுப்பேன், அவள் எழுதுவாள். வருஷா வருஷம் தண்ணீர் வடியும், அதிகாரிகளும் மறந்துவிடுவார்கள்.

அந்த வருஷம் தொகுதி எம்.எல்.ஏ., மானியக் கோரிக்கை விவாதத்தில் அந்தப் பாலத்தைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். காலனிக்காரர்களுக்கு உயிர் வந்தது. அவள் உடனே முடிவு செய்துவிட்டாள், சட்டமன்றத்துக்குப் போக வேண்டும் என்று.

மாவட்ட நிருபர்கள் சட்டமன்றத்துக்குள் போவதில்லை. செய்தியாளர் மாடத்தில் உட்கார அனுமதிச் சீட்டு வேண்டும். அது சென்னையில் இருக்கிற நிருபர்களுக்குத்தான் கிடைக்கும். அவளுடைய பேப்பருக்கு ஒரே ஓர் இடம், அதில் ஒரு மூத்த நிருபர் பல வருஷமாக உட்கார்ந்திருந்தார். எம்.எல்.ஏ. வழியாகப் பார்வையாளர் சீட்டு வாங்கினால் பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம். கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம், எழுதக் கூடாது. செய்தியாளர் மாடத்தில்தான் பேனாவுக்கு அனுமதி.

திண்டிவனத்தில் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போனோம். அவருடைய உதவியாளன் ஒரு பையன். எப்போதும் இரண்டு போனில் பேசுவான்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்குக்கா கஷ்டப்படற? எங்க கோட்டாவுல பார்வையாளர் பாஸ் போட்டுத் தர்றேன். மேல ஜாலியா உக்காந்து பாத்துட்டு வா" என்றான்.

"அங்க பேனா எடுக்க வுட மாட்டாங்க தம்பி."

"பேனா எதுக்கு? சார் பேசனது முழுக்க நானே டைப் பண்ணி குரூப்புல போட்டுடறேன்."

"எப்போ போடுவ?"

"நேத்தே ரெடிக்கா. சார் எழுந்து நின்னதும் அனுப்ப வேண்டியதுதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த வாரம் பேசப்போறத நேத்தே டைப் அடிச்சி வச்சிட்டா, அப்புறம் அசெம்பிளி எதுக்குடா? குரூப்புலயே நடத்திடுங்களேன்" என்றேன்.

"உங்களுக்கு எப்பவும் சூடு சார்" என்று அவன் அடுத்த போனை எடுத்தான்.

அவள் தன் ஆசிரியருக்குப் பேசினாள். சென்னை நிருபருக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை, அந்த வாரம் அவர் வரமாட்டார், ஏஜென்சி செய்தியை வைத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று ஆசிரியர் இருந்தார். "அந்த எடம் சும்மாதானே இருக்கும் சார், ஒரு நாளைக்கு எனக்குக் கேளுங்க" என்றாள். அவர் முடியாது என்றார். மறுநாளும் கேட்டாள். அவர் திட்டினார். அதற்கடுத்த நாள் இவளே சென்னைக்கு ரயில் ஏறிப்போய் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். இவள் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். கடிதம் கொடுத்தார். அடையாள அட்டை, போட்டோ, கையெழுத்து, முத்திரை என்று ஓடி, ஒரு நாள் சீட்டு கைக்கு வந்தது. அதைப் பையில் வைக்காமல் ரயிலில் கையிலேயே வைத்திருந்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் 'செய்தியாளர்' என்று அரசாங்கம் அச்சடித்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அன்றைக்கு நானும் போனேன். எனக்கு உள்ளே வேலை இல்லை. கேமராவோடு வெளியே, தலைவர்கள் பேட்டி கொடுக்கிற இடத்தில் நின்றேன். அவள் செல்போனை வாசலில் கொடுத்துவிட்டு, பேனாவைத் தூக்கிக் காவலரிடம் காட்டி, "இது போவலாம்ல சார்?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

மதியம் நெருங்கும்போது உள்ளே ஏதோ வாக்குவாதம். எதிர்க்கட்சி வெளிநடப்பு. தலைவர் பேட்டி கொடுக்க வெளியே வருகிறார் என்றதும் செய்தியாளர் மாடத்திலிருந்து மொத்தக் கூட்டமும் தடதடவென்று ஓடிவந்தது. ஒருவன் என் காலை மிதித்தான். இன்னொருவன் என் ஸ்டாண்டைத் தட்டிவிட்டான். இரண்டு பேரையும் திட்டினேன். அந்தக் கூட்டத்தில் அவளைத் தேடினேன், காணோம். "அவ்ளோ பெரிய நியூஸு இங்க நடக்குது, உள்ள இன்னா பண்றா இவ?" என்று எனக்கு ஆத்திரம்.

கூட்டம் கலைந்து வெகுநேரம் கழித்து மெதுவாக வந்தாள். முகம் பூரித்திருந்தது.

"அண்ணே, பாலம் வந்துடுச்சு!"

"இன்னா உளர்ற?"

"எல்லாரும் எழுந்து ஓடிட்டாங்க. மாடத்துல நான் மட்டும்தான். அப்பதான் நம்ம சார எழுந்து பேசச் சொன்னாங்க. தரைப்பாலத்துக்குப் பதிலா உயர்மட்டப் பாலம் வேணும்னு கேட்டாரு. அமைச்சர் பாதி எழுந்து, 'அந்தப் பாலம் இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்'னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. நம்ம சாரு நன்றின்னு சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்ட்டாரு."

"நீ எழுந்து ஓடலயா?"

"பாலத்துக்குத்தானே வந்தேன்."

மறுநாள் பேப்பர் வந்தது. மாவட்டத்தின் எல்லாப் பேப்பரிலும் எம்.எல்.ஏ.வின் முழக்கம், அந்தப் பையன் டைப் அடித்தபடி, ஒரு கமா மாறாமல். முன்கூட்டியே அடித்ததில் அமைச்சர் பதில் எப்படி இருக்கும்? இருக்கவில்லை. சென்னைப் பேப்பர்களில் வெளிநடப்பு. அவளுடைய பேப்பரில் மட்டும் 'தரைப்பாலத்துக்குப் பதில் உயர்மட்டப் பாலம் இந்த ஆண்டே: அமைச்சர் உறுதி'. கேள்வி எல்லாரிடமும் இருந்தது, பதில் அவளிடம் மட்டும்.

காலனிக்காரர்கள் அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு பொறியாளரிடம் போனார்கள். அவர் தனக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்றார். அங்கிருந்து எம்.எல்.ஏ.விடம் போனார்கள். அவர் முழித்தார்.

"அமைச்சர் அப்படி எதுவும் சொல்லலையே. நான்தானே அங்க நின்னுக்கினு இருந்தேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

பிடித்தது சனி. குரூப்பில் ஒரே கொண்டாட்டம். குரூப்பை நடத்துகிற அந்தக் கோழி முட்டைக்காரன், 'வைக்கோல் போர் புகழ் நிருபர் இப்போ பாலமே கட்டிவிட்டார்' என்று போட்டான். எம்.எல்.ஏ.வின் உதவியாளப் பையன் ஆசிரியருக்குப் போன் செய்து, அவையில் சொல்லாததைச் சொன்னதாக எழுதுவது உரிமை மீறல், தெரியுமா என்று மிரட்டினான். ஆசிரியர் நடுங்கிப் போய் அவளைக் கூப்பிட்டார்.

"வருத்தம் தெரிவிச்சு ரெண்டு வரி போட்டுடலாம். நீயும் கொஞ்ச நாள் நியூஸ் அனுப்ப வேணாம்" என்றார்.

"நான் பாத்தேன் சார்" என்றாள்.

"அவரே இல்லங்கறாரேம்மா!"

"அவரு அப்ப பேச்சுத் தாளப் புரட்டிக்கினு இருந்தாரு சார். அதையும் பாத்தேன்."

வருத்தம் போடுவதென்றால் என் பெயரில் வேண்டாம், நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆசிரியர் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார். எனக்குத் தூக்கம் போனது. அவள் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் உரித்ததைத் தின்னவில்லை, பையிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது.

"நீ இன்னா பண்ணப் போற?" என்று கேட்டேன்.

"வேற யாரு பாத்திருப்பாங்கன்னு யோசிச்சுக்கினு இருக்கேன்."

நானும் யோசித்தேன். அப்போதுதான் உறைத்தது. பேசுகிற உறுப்பினர்களுக்கு அவர்கள் பேச்சின் வீடியோ கிடைக்கும். அந்தப் பையன் அதை அன்றைக்கே எல்லாக் குரூப்பிலும் போட்டிருந்தான். நானும் பார்த்திருந்தேன். போனைத் திறந்து மறுபடி ஓடவிட்டேன். எம்.எல்.ஏ. கையை ஆட்டுகிறார், வாய் அசைகிறது. கேட்பது முழுக்க டமார் டமார் என்று சினிமா அடிதடி இசை. பேச்சு நடுநடுவே மட்டும் தலை காட்டுகிறது. அமைச்சர் பதில் வந்திருக்க வேண்டிய இடத்தில் எம்.எல்.ஏ.வின் முகத்தை ஸ்லோமோஷனில் போட்டு, சுற்றி நெருப்பு பறக்க விட்டிருந்தான்.

"வாம்மா" என்றேன்.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். நான் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. நேராகப் பையனிடம் போனேன்.

"மியூசிக் போடாத வீடியோ எங்க இருக்குது?"

"இன்னாத்துக்கு சார்?"

"எடுடா!"

உள்ளேயிருந்து எம்.எல்.ஏ. எட்டிப் பார்த்தார். "இன்னா இங்க சத்தம்? ஏம்மா, நீயாவது இவரக் கொஞ்சம் அடக்கேன்."

"சார், நீங்களும் ஒரு வாட்டி பாத்துடுங்க" என்று அவள் தன்மையாகச் சொன்னாள். "நான் எழுதனது தப்புன்னா நானே வருத்தம்னு எழுதித் தர்றேன்."

பையன் கம்ப்யூட்டரில் தேடி எடுத்தான். எல்லோரும் பின்னால் வந்து நின்றார்கள். இசை இல்லாமல் எம்.எல்.ஏ.வின் குரல் சாதுவாக இருந்தது. அங்கங்கே தடுமாறினார். பாலத்தைச் சொன்னார். தாளைத் திருப்பினார், இரண்டு தாள் ஒட்டிக்கொண்டது, விரலில் எச்சில் தொட்டுப் பிரித்தார். அவர் பிரித்துக்கொண்டிருக்கும்போதே அமைச்சரின் குரல், தெளிவாக. "அந்தப் பாலம் இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்." எம்.எல்.ஏ. நிமிராமலே "நன்றி, நன்றி" என்றார். அடுத்ததாகக் கால்நடை மருத்துவமனை கேட்கத் தொடங்கினார்.

எம்.எல்.ஏ. இன்னொரு தடவை போடச் சொன்னார். தன் வாயிலிருந்து நன்றி வருவதை உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"யோவ், குடுத்ததுகூடத் தெரியாம நன்றி சொல்லிட்டு வந்துருக்கேன்யா!" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "நீ அதுக்கு மேல மோளம் அடிச்சிருக்க!" என்றார்.

நல்ல மனுஷன்தான். அரசியல்வாதியைப் பற்றி நான் இப்படி எழுதுவது எனக்கே ஆச்சரியம். அவர் அங்கேயே பொறியாளருக்குப் போன் போட்டார். வீடியோவை எடுத்துக்கொண்டு மறுநாளே அமைச்சரைப் பார்க்கப் போனார். ஆசிரியருக்கும் அவரே பேசினார். நாங்கள் கிளம்பும்போது அவளிடம், "அடுத்த கூட்டத்தொடருக்கும் வாம்மா. நான் சொல்லி பாஸ் வாங்கித் தர்றேன்" என்றார்.

"வேணாங்க சார். எங்க பேப்பர் மூலமாவே கேட்டு வாங்கிக்கறேன்" என்றாள்.

கீழே இறங்கியதும் அவளைத் திட்டினேன். கிடைக்கிறதை யாராவது வேண்டாம் என்பார்களா? "அவரு வாங்கிக் குடுத்த சீட்டுல உக்காந்துக்கினு அவரு தாள் ஒட்டிக்கிச்சின்னு எழுத முடியுமாண்ணே?" என்றாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

கோழி முட்டைக்காரன் குரூப்பில் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் மறுநாளே அவனோடு உட்கார்ந்து டீ குடித்தாள்.

பாலம் கட்டி முடிந்த பிறகு வந்த முதல் பெருமழைக்கு, பழக்க தோஷத்தில் கேமராவை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனேன். எனக்கு முன்னால் அவள் வந்து நின்றிருந்தாள், குடையோடு. ஓடை செம்மண் நிறத்தில் பொங்கிக்கொண்டு போனது. பாலத்தின் மேல் பெண் பிள்ளைகள் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டினாள். இன்னொருத்தி அவளைத் திட்டினாள்.

"இன்னா எழுதப் போற?" என்று கேட்டேன்.

"தண்ணி கீழ போவுது, ஜனங்க மேல போறாங்க. இதுல நியூஸ் ஏதுண்ணே?" என்றாள்.

நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டு பேரும் ஒரே குடையில் நின்று, மழை விடும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.